அப்பாவுக்கு வீட்டிலேயே ஜாகர் தைக்கிறேன்: தையல் விட்டுவிட்டு விழுகிறது, கவட்டில் பிரிகிறது

கடலோரக் கைத்தையல் (ஜெலுத்தோங், பினாங்கு), ஞாயிறு இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வேலைக்குப் போட்ட காக்கிச் சிலுவாரை விட்டால், வாழ்நாள் முழுவதும் கைலிதான். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் தளர்ந்துவிட்டன. இப்போது ஊன்றுகோல் பிடித்து நடை பழகுகிறார். பயிற்சி தருபவர் முதல் நாளே கைலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இடது காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்துத்தான் வைக்கிறார். கைலியின் ஓரம் சுண்டுவிரலில் மாட்டினால் ஆள் விழுந்துவிடுவார்.

கடையில் மூன்று ஜாகர் (இடுப்பில் இலாஸ்டிக்கும் கணுக்காலில் பட்டியும் வைத்த, இழுபடும் துணிக் கால்சட்டை) வாங்கினோம். இடுப்புக்குச் சரியாக இருந்தால் கால் ஒரு சாண் நீளம். நீளம் சரியாக இருந்தால் உட்காரும்போது பின்பக்கம் இறங்கிவிடுகிறது. கணுக்கால் பட்டியோ, மாலையில் கழற்றும்போது வீங்கிய காலில் வளையம் போலப் பள்ளம் விட்டிருக்கிறது. அதைப் பார்த்த இரவுதான் நானே தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரவிக்கை, பாவாடை, தலையணை உறை தைத்துப் பழக்கம் உண்டு. பனியன் துணியில் கை வைத்ததே இல்லை. நகரத்தில் ஒரு கடையில் சாம்பல் நிறத்தில் 2 மீட்டர் வாங்கினேன். நன்றாக இழுபடும் துணி என்று விற்றவர் இழுத்தே காட்டினார். அப்பாவின் பழைய கால்சட்டையைத் தாளில் வைத்து வரைந்து வெட்டித் தைத்தேன். தையல் விட்டுவிட்டு விழுந்தது. விட்ட இடங்களில் மறுபடியும் ஓட்டி ஒருவழியாக முடித்தேன். மூன்றாம் நாள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபோது கவட்டில் பிரிந்துவிட்டது. வீட்டுக்கு ஆள் வந்திருந்த நேரம். அப்பா ஒன்றும் பேசவில்லை, துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

முழங்கால் இரண்டும் பை போலத் தொங்கவும் செய்கின்றன. என்னிடம் ஓரத்தை வெட்டி மூடித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் இல்லை. நேர்த் தையலும், வளைந்து வளைந்து விழும் ஜிக்ஜாக் தையலும் உள்ள பழைய இயந்திரம்தான். இதில் முடியுமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்), ஞாயிறு இரவு 10.05

முடியும் சகோதரி. இரண்டு விவரம் மட்டும் சொல்லுங்கள். எந்த ஊசி போட்டிருந்தீர்கள்? கவட்டில் பிரிந்தபோது துணி கிழிந்ததா, நூல் அறுந்ததா?

கடலோரக் கைத்தையல், ஞாயிறு இரவு 10.31

ரவிக்கைக்குப் போட்டிருந்த அதே ஊசி. எண் 14. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் துண்டு துண்டாக அறுந்திருக்கிறது. நேர்த் தையல்தான் போட்டேன்.

நாற்பதாண்டுத் தையல் (பிறை), திங்கள் காலை 6.15

மகளே, உன் கையில் ஒரு குறையும் இல்லை. நெய்த துணிக்கான ஊசியையும் தையலையும் பின்னல் துணியில் போட்டுவிட்டாய், அவ்வளவுதான். நான் பிறையில் ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் வரிசை மேற்பார்வையாளராக இருந்தவள். டி-சட்டையும் விளையாட்டுக் கால்சட்டையும் ஆயிரக்கணக்கில் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன.

ரவிக்கைத் துணியில் பாவும் ஊடும் குறுக்கு நெடுக்காக ஓடுகின்றன. பனியன் துணி அப்படி இல்லை, அது முழுக்க முழுக்கக் கண்ணிகள். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி கோத்து நிற்கிறது. இழுத்தால் கண்ணி விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. கூர்முனை ஊசி அந்தக் கண்ணியைக் குத்தி அறுக்கிறது. துணியும் ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்வருகிறது. ஊசி மேலே திரும்பும்போது நூல் சிறு வளையமாகப் பிரிந்து நின்றால்தான் கீழே சுற்றும் கொக்கி அதைப் பிடிக்கும். துணியும் சேர்ந்து ஏறினால் வளையம் விழாது, கொக்கி வெறுமனே சுற்றும். தையல் விட்டுப்போவதன் காரணம் இதுதான்.

ஆகையால் முதலில் பால்பாயிண்ட் ஊசி வாங்கு. அதன் முனை மழுங்கி உருண்டிருக்கும். நூலைக் குத்தாமல் ஒதுக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய துணிக்கு 75/11, கனமான துணிக்கு 90/14. லைக்ரா (ரப்பர் போல இழுபடும் இழை) நிறையக் கலந்த துணி என்றால் ‘ஸ்டிரெட்ச்’ என்று உறையில் எழுதிய ஊசியைக் கேட்டு வாங்கு. பருத்தி நூல் வேண்டாம், பாலியஸ்டர் நூல் போடு.

இரண்டாவது, நேர்த் தையலை மற. துணி விரியும், நேர்த் தையல் விரியாது. ஆள் உட்காரும்போது முழு இழுப்பும் கவட்டில்தான் விழும், அங்கே நூல் அறுந்தே தீரும். ஜிக்ஜாக்கை அகலம் 1, நீளம் 2.5 என்று வை. பார்ப்பதற்கு நேர்த் தையல் போலவே இருக்கும், இழுத்தால் கூடவே வரும். புது இயந்திரங்களில் மின்னல் கீற்றுப் போல ஒரு குறி இருக்கும், அதுவும் இதே வேலைதான் செய்யும். கவட்டு வளைவில் மட்டும் 3 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாம் வரிசையும் ஓட்டு.

முழங்கால் தொங்குவது வேறு விஷயம், அது துணியின் குற்றம். மிச்சத் துணியில் 10 சென்டிமீட்டர் அளந்து இரு பக்கமும் குறி வை. அளவுகோலோடு சேர்த்துப் பிடித்து இழு. எவ்வளவு போகிறது, விட்டபின் எங்கே வந்து நிற்கிறது என்று எழுது.

கடலோரக் கைத்தையல், திங்கள் இரவு 8.50

அக்கா, இழுத்தேன். 10 சென்டிமீட்டர் 14 வரை போகிறது. விட்டால் பதினொன்றரையில் நின்றுவிடுகிறது. மேசைமேல் வைத்துக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தும் பத்துக்கு வரவில்லை.

நாற்பதாண்டுத் தையல், திங்கள் இரவு 9.12

அப்படியானால் அந்தத் துணியைத் தலையணை உறைக்கு வைத்துக்கொள். இழுபடுவது பாதிக் குணம், திரும்புவது மீதிக் குணம். கடையில் இழுத்துக் காட்டுவார்கள், திரும்புகிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். ஒரே இடத்தை நான்கைந்து முறை இழுத்துவிட்டுப் பார். ஸ்பாண்டெக்ஸ் 5 சதவீதம் கலந்த பருத்தி என்றால் பத்துக்கே வந்து நிற்கும். அந்த இழையை 1958-இல் அமெரிக்காவில் டுபாண்ட் நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். லைக்ரா என்று நாம் சொல்வது அதன் வணிகப் பெயர்.

கெப்போங் மல்லிகை (கோலாலம்பூர்), திங்கள் இரவு 11.02

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். துணி, ஊசி, நூல், இலாஸ்டிக் எல்லாம் கூட்டினால் இரவுச் சந்தையில் இரண்டு ஜாகர் வாங்கிவிடலாம். நீளத்தைக் குறைக்கத் தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருவார். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் நேரம் எங்கே கிடைக்கும்? என் மாமியாரை இரண்டு ஆண்டு படுக்கையில் பார்த்துக்கொண்டவள் என்பதால் சொல்கிறேன். உங்கள் தூக்கத்தையும் கொஞ்சம் எண்ணுங்கள்.

கடலோரக் கைத்தையல், செவ்வாய் காலை 5.40

மல்லிகை அக்கா, அக்கறைக்கு நன்றி. தூக்கம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் நீளத்தைக் குறைப்பதால் தீரும் தொல்லை இல்லை இது. கடைக் கால்சட்டை நிற்கும் ஆளுக்கு வெட்டியது, அப்பா பகலில் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறார். கழிவறைக்குப் போனால் ஒரு கையால் இறக்கி ஒரு கையால் ஏற்ற வேண்டும். அந்த ஒரு காரியத்தை மட்டுமாவது யார் துணையும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று அவருக்குப் பெரிய ஆசை. ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட அவர் கூசுகிறார். பெண் பிள்ளை நான். அந்தக் கூச்சத்தைப் போக்குகிற கால்சட்டை கடையில் கிடைத்தால் எத்தனை வெள்ளி ஆனாலும் வாங்கிவிடுவேன்.

கெப்போங் மல்லிகை, செவ்வாய் காலை 7.30

இது புரிகிறது அம்மா. தையுங்கள். நல்ல இலாஸ்டிக் வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மூட்டும் தசையும் (கோலாலம்பூர்), செவ்வாய் மதியம் 1.15

நான் இயன்முறை மருத்துவப் பணியில் இருக்கிறேன். தையல் எனக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு உடையில் எது உதவும், எது கெடுக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

உட்கார்ந்தே இருப்பவருக்குப் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு தெரியும், வயிற்றில் துணி சுருண்டு அழுத்தும். பின்பக்கப் பை வேண்டவே வேண்டாம். தடித்த தையல், பொத்தான், மடிப்பு எதுவும் உட்காரும் இடத்தில் வரக்கூடாது. உணர்ச்சி குறைந்த தோலில் புண் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

கணுக்கால் பட்டிக்குக் கணுக்காலை அளந்தால் போதாது. குதிகாலையும் புறங்காலையும் சுற்றி அளவு எடுங்கள், பட்டி அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும். தளர்ந்த காலின் பாதம் கீழ்நோக்கி விறைத்து நிற்கும், விரல்கள் துணியில் மாட்டும். ஆனாலும் பட்டி அவசியம். அகன்ற கால்விளிம்பு கைலியைப் போலவே தடுக்கும்.

இடுப்புப் பட்டியின் இரு பக்கமும் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துணியால் ஒரு காது வைத்துத் தையுங்கள். வலது கட்டைவிரலை மாட்டி இழுத்தால் ஒரு கையிலேயே ஏறும். முடிச்சுப் போடும் நாடா அவருக்குப் பயன்படாது.

உடுத்தும்போது உட்கார வைத்து இடது காலை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது இடது காலைக் கடைசியில் எடுங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டாம், தோள்மூட்டு தாங்காது.

மிளகாய்ச்செடி (சுங்கை பட்டாணி), செவ்வாய் மாலை 4.48

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். டெர்ரி துணி நல்லதா, காட்டன் லைக்ராவா? என் மகன் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறான்.

செந்தூல்வாசி, செவ்வாய் மாலை 6.20

மகன் ஓடுகிறார் என்றால் பிரெஞ்சு டெர்ரி. வெளியே வழவழப்பு, உள்ளே சிறு சிறு நூல் வளையம், வியர்வையை உறிஞ்சும். உள்பக்கம் பஞ்சு போல உரசிவிட்ட பிளீஸ் துணியை நம் ஊர் வெயிலுக்கு வாங்காதீர்கள், மலைப்பகுதிக் குளிருக்கு வேண்டுமானால் சரி. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் காட்டன் லைக்ராவே இதம், மழை நாளிலும் சீக்கிரம் காயும். சதுர மீட்டருக்கு 220 முதல் 250 கிராம் எடை இருக்கட்டும். 180 என்றால் அது சட்டைத் துணி, உட்கார்ந்தால் பின்பக்கம் தெரியும்.

இந்தப் பேச்சைத் தொடங்கிய சகோதரிக்கு ஒன்று: முடிந்தால் ஓவர்லாக் வாங்கிவிடுங்கள். நான் மூன்று ஆண்டுகள் ஜிக்ஜாக்கில் தைத்துவிட்டு வாங்கினேன். நான்கு நூலில் ஓரம் வெட்டி, இணைத்து, மூடி, ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது. அதன் முன்பல்லும் பின்பல்லும் வேறு வேறு வேகத்தில் துணியைத் தள்ளுவதால் தையல் அலையலையாக வராது.

நாற்பதாண்டுத் தையல், செவ்வாய் இரவு 9.30

தம்பி சொல்வது சரிதான், ஆனால் இந்தப் பெண்ணுக்கு இப்போது அது வேண்டாம். நெய்த துணி போலப் பனியன் துணி ஓரம் பிரிந்து நூல் கொட்டாது. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டாலும் ஒன்றும் ஆகாது, கொஞ்சம் சுருளும், அவ்வளவுதான். ஒரு கால்சட்டைக்காக அவ்வளவு செலவு எதற்கு? அந்தப் பணம் அப்பாவின் வைத்தியத்துக்கு ஆகட்டும்.

துணிக்குப் புக்கிட் மெர்தாஜாம் போய்ப் பார், மகளே. பினாங்குத் தீவின் லிட்டில் இந்தியாவில் பட்டும் சேலையும் குவிந்து கிடக்கும், பனியன் துணி அங்கே அரிது. பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் ரயில் இருக்கிறது. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத் துணிக்கடைகளைச் சொல்லவே வேண்டாம். ஒன்றரை மீட்டர் போதும். கணுக்கால் பட்டிக்குத் தனியாக ரிப் துணி (வரி வரியாகப் பின்னிய, நன்றாக விரியும் துணி) 30 சென்டிமீட்டர் வாங்கு.

வாங்கியதும் துவைத்துக் காயப்போடு, பருத்தி முதல் துவையலில் சுருங்கும். வெட்டுவதற்கு முந்தைய இரவு மடிப்பைப் பிரித்துத் தரையில் தளர விரித்துவிடு. சுருளில் இழுபட்டு இருந்த துணி ஆறட்டும். தொழிற்சாலையில் ஒரு நாள் முழுக்க ஆறவிட்ட பிறகுதான் கத்தி வைப்போம். ஆறாமல் வெட்டினால் தைத்த பிறகு சுருங்கி உன்னை ஏமாற்றும். நல்ல இழுப்பு உடம்பைச் சுற்றி வரவேண்டும். பின்னல் வரி காலின் நீளத்தில் நேராக நிற்கவேண்டும், கோணலாக வெட்டினால் இரண்டு துவையலில் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பிவிடும்.

கடலோரக் கைத்தையல், ஞாயிறு இரவு 10.10

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. வியாழனன்று தங்கை விடுப்பு எடுத்து அப்பாவோடு இருந்ததால் புக்கிட் மெர்தாஜாம் போய்வந்தேன். கைப்பையில் அளவுகோலோடு போனேன். ஐந்து கடை ஏறினேன், நான்காவது கடையில் ஒரு கருநீலத் துணி 10-லிருந்து 14 போய் அப்படியே பத்துக்குத் திரும்பியது. கடைக்கார அம்மா சீனர்; நான் அளப்பதைப் பார்த்துவிட்டு அவரே உள்ளே போய் அதே சாயத்தில் ரிப் துணியும் எடுத்து வந்தார்.

அப்பாவைக் கட்டை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, இடுப்பிலிருந்து பலகை வரை பக்கவாட்டில் அளந்தேன். 27 சென்டிமீட்டர். 3 கூட்டி, இடுப்பிலிருந்து கவடு வரை 30 வைத்தேன். பின்பக்க நடுவில் இன்னும் 5 ஏற்றி, முன்பக்கம் 2 இறக்கினேன். குதிகால் சுற்றளவு 33. கால்விளிம்பை 36 என்று வெட்டி, ரிப் பட்டியை 28 வைத்தேன். ரிப் 42 வரை தாராளமாக விரிகிறது.

புது ஊசி போட்டதும் இயந்திரத்தின் சத்தமே மாறிவிட்டது. ஒரு தையல்கூட விடவில்லை! காலின் உள்பக்கத் தையலை இரண்டு காலுக்கும் முடித்து, ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி மற்றதற்குள் நுழைத்து, கவட்டை ஒரே வளைவாகத் தைத்தேன். அக்கா சொன்ன இரண்டாம் வரிசையும் போட்டேன். இரண்டு கைகளாலும் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

ஆனால் வெளிப்பக்கத் தையல் பாம்பு போல நெளிந்து கிடக்கிறது. இன்னும் பை வைக்கவில்லை. என்ன செய்வது?

நாற்பதாண்டுத் தையல், ஞாயிறு இரவு 10.40

நீ பின்னால் இருந்து இழுத்துக்கொண்டு தைத்திருக்கிறாய். ரவிக்கைப் பழக்கம் அது. பனியன் துணியை வழிகாட்டினால் போதும், இழுக்கக் கூடாது. தொங்கும் பகுதியின் கனமே இழுக்கும். ஆகையால் மிச்சத் துணியை மடியிலோ மேசையிலோ சுருட்டி வைத்துக்கொள். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உன் இயந்திரத்தில் மேலே இடப்பக்கம் இருக்கிறதா பார், இருந்தால் இரண்டு சுற்றுத் தளர்த்து. அப்படியும் நெளிந்தால் துணிக்கு அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடு.

இப்போது நெளிந்திருப்பதைப் பிரிக்காதே. நீராவி இஸ்திரிப் பெட்டியை மேலே தொடாமல் பிடித்து ஆவி காட்டு, பாதி அடங்கிவிடும். எப்படியும் பைக்காக அந்தத் தையலின் மேல்பகுதியைப் பிரிக்கத்தான் போகிறாய். பையின் உள்துணிக்குப் பனியன் துணி வேண்டாம், கைபேசியின் கனத்தில் தொடை வரை தொங்கும். மெல்லிய நெய்த பருத்தி போடு.

பட்டியை வைக்கும்போது பட்டியையும் காலையும் நான்காகப் பிரித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துப் பட்டியை மட்டும் இழுத்துத் தை. இடுப்பு இலாஸ்டிக் 4 சென்டிமீட்டர் அகலம். மற்றவர்களுக்கு இடுப்பளவில் 6 குறைப்பேன், அப்பாவுக்கு 3 குறைத்தால் போதும். நான்கு இடத்தில் நெடுக்காகத் தைத்து நிறுத்து, உள்ளே சுருளாது.

கடலோரக் கைத்தையல், புதன் இரவு 9.55

முடித்துவிட்டேன்.

பைக்கு நெய்த பருத்தி தேடியபோது அலமாரியில் அப்பாவின் பழைய கைலிகள் மடித்தபடியே இருந்தன. நீலக் கட்டம் போட்ட ஒன்று, துவைத்துத் துவைத்து மல் துணியைப் போல மெலிந்திருந்தது. அவரிடம் கேட்டுவிட்டு வெட்டினேன். அதிலேயே இரண்டு பையும், கட்டைவிரலுக்கான இரண்டு காதும். காதை நான்கு மடிப்பாக மடித்து, இலாஸ்டிக்கோடு சேர்த்து மூன்று முறை தைத்தேன்.

நேற்றுக் காலை உடுத்தினோம். இடது கால் முதலில். பட்டி குதிகாலைத் தாண்டும்போது பயந்தேன், சிக்கவில்லை. பிறகு எழுந்து நின்று வலது கட்டைவிரலைக் காதில் மாட்டி அவரே மேலே இழுத்தார். வலப்பக்கம் ஏறியது, இடப்பக்கம் பாதியில் நின்றது. நான் கை நீட்டப் போனேன். தலையை அசைத்து மறுத்துவிட்டு, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடப்பக்கக் காதில் மாட்டி இழுத்தார். சுவரில் சாய்ந்து நின்று அதை முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது. முடித்துவிட்டுப் பையில் கையை விட்டார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. “உள்ளே என் கைலி” என்றார்.

மாலையில் கழற்றியபோது கணுக்காலைப் பார்த்தேன். மெல்லிய வரி மட்டும், பள்ளம் இல்லை. இன்று துவைத்துப் போட்டிருக்கிறேன். கடையில் வாங்கியதைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார், இது காயட்டும் என்று காத்திருக்கிறார். எனவே உடனே இன்னொன்று தைக்க வேண்டும். வலப்பக்கப் பை மட்டும் ஆழமாக வேண்டுமாம், உட்கார்ந்தால் மூக்குக்கண்ணாடிக் கூடு வழுக்கி விழுந்துவிடுகிறது. அக்கா, எவ்வளவு கூட்டலாம்?

நாற்பதாண்டுத் தையல், வியாழன் காலை 6.05

கூட்டின் நீளத்தை அளந்து, அதற்கு மேல் 6 சென்டிமீட்டர் வை. பையின் வாயைச் சாய்வாக வெட்டாமல் பக்கத் தையலோடு நேராக வை, உட்கார்ந்தாலும் கவிழாது. வாயின் உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட்டுவிட்டுத் தை, இல்லாவிட்டால் கை போய்வந்து வாய் பிளந்துவிடும். ஊசியை மாற்று, ஒரு கால்சட்டை தைத்த ஊசி முனை தேய்ந்திருக்கும். அந்தக் கைலியில் மிச்சம் இருக்கிறதா?

கடலோரக் கைத்தையல், வியாழன் காலை 6.20

இருக்கிறது அக்கா. இன்னும் இரண்டு கால்சட்டைக்கு வரும்.